ஏரிப் பாசனச் சொற்களும் அவற்றின் சரியான பொருளும்

கடன் பத்திரத்தில் முதலையும் வட்டியையும் ஒன்றாக எழுதும் குடியானவர் எவருமில்லை. களத்துமேட்டில் நெல்லை அளக்கும்போது மரக்காலையும் படியையும் மாற்றிச் சொல்வாரும் இல்லை. ஆனால் அந்நெல்லை விளைவிக்கும் தண்ணீரைப் பற்றிய பேச்சிலும் எழுத்திலும் இத்தகைய கவனம் காணப்படுவதில்லை. ‘நீர்ப்பிடிப்பு’ என்று ஒருவர் சொல்ல, மற்றொருவர் அதற்கு வேறு பொருள் கொள்கின்றார். ‘தூர் வாரியாயிற்று’ என்று கணக்கில் எழுதப்படுகின்றது; ஆயினும் கடைமடைக்குத் தண்ணீர் முன்னிலும் அதிகமாய் வருவதில்லை. ‘ஏரி நிரம்பியது’ என்று மகிழ்ச்சியோடு சொல்லப்படுகின்றது. ஆயினும் அறுவடைக்கு முன்பே மடை வற்றிவிடுகின்றது. இக்குறைகளுக்குப் பல காரணங்கள் உண்டு. சொற்கள் தம் பொருளை இழந்து வழங்குவதும் அவற்றுள் ஒன்றாகும். அது பணச் செலவின்றித் திருத்தக்கூடிய காரணமாதலால், நிலமுடையோரும் கிராம அலுவலர்களும் அதனை முதலில் கவனித்தல் தகும்.

தமிழ்நாட்டில் 39,000-க்கு மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் குளங்களும் இருக்கின்றன. நூறு ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உடையவை பெரும்பாலும் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் உள்ளன. பொறுப்பு எவரிடம் இருப்பினும், ஒவ்வொன்றையும் பற்றிய எழுத்து வேலை கிராமத்திலேயே தொடங்குகின்றது. கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, ஊராட்சியின் தீர்மானம், ஆயக்கட்டுதாரரின் மனு ஆகிய இம்மூன்றையும் கொண்டே மேலதிகாரிகள் காரியத்தை நிச்சயிக்கின்றனர். அவற்றில் ஒரு சொல் தவறினால், மதிப்பீடும் செலவும் வேலையும் அச்சொல்லின் வழியே தவறிப்போகும்.

பண்டைக் காலத்துக் கவனம்

முன்னோர் இவ்விஷயத்தில் கவனமுடையோராய் இருந்தனர். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுக்கள், ஏரியைக் கவனிப்பதற்கென்றே ‘ஏரி வாரியம்’ என்னும் தனிக்குழு இருந்ததைத் தெரிவிக்கின்றன. 1883 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஏரிகளைச் செப்பனிடும் திட்டமொன்று தொடங்கப்பட்டபோது, கரையின் நீளம், கலிங்கின் மட்டம், மதகின் அடிமட்டம் முதலியவற்றை ஏரிதோறும் அளந்து குறிப்பெழுதும் வழக்கம் ஏற்பட்டது. இவை காகிதத்தில் இருந்த அறிவு. ஊரில் நடமாடிய அறிவோ நீர்கட்டி, நீர்ப்பாய்ச்சி, கம்புகட்டி, மடையர் என்று இடத்துக்கு இடம் வேறு பெயர் பெற்ற பணியாளரிடம் இருந்தது. எந்த மடையை எத்தனை நாழிகை திறந்தால் எந்த வயல் வரையில் பாயும் என்பதை அவர்கள் கண்ணளவாலேயே சொல்வர்.

பரம்பரையாய் வந்த கர்ணம், மணியம் ஆகிய பதவிகள் தமிழ்நாட்டில் 1980 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டன. பரம்பரைப் பதவியின் குறைகள் அறியப்பட்டவையே. அவற்றை மீண்டும் விரும்புவார் இலர். ஆனால் கிராம அலுவலர் மாறிமாறி வரும் இக்காலத்தில், ஊரின் நீர்வழிகளை மனப்பாடமாய் அறிந்தவர் ஒருவர் எப்பொழுதும் அலுவலகத்தில் இருப்பார் என்று எதிர்பார்த்தல் கூடாது. நீர்கட்டிகளின் தொகையும் குறைந்து வருகின்றது. ஆகவே முன்பு மனிதரின் நினைவில் இருந்தது இனி எழுத்தில் இருத்தல் அவசியமாகின்றது. எழுத்தில் இருக்கவேண்டுமாயின் சொல் ஐயத்திற்கு இடமின்றி இருத்தல் வேண்டும்.

நீர்வரத்துப் பரப்பும் உள்வாயும்

முதலில் திருத்தத்தக்க சொல் ‘நீர்ப்பிடிப்பு’ என்பது. பத்திரிகைகளில் ‘காவிரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை’ என்று வருமிடத்து, அது மழைநீர் ஓடிவந்து ஆற்றில் சேரும் மேட்டு நிலம் முழுவதையும் குறிக்கும். கிராமத்திலோ ‘ஏரி நீர்ப்பிடிப்பு’ என்றால், ஏரி நிரம்பும்போது தண்ணீர் பரந்து நிற்கும் இடத்தையே பலரும் கருதுகின்றனர். இவ்விரண்டும் வெவ்வேறு நிலங்கள். இரண்டிற்கும் உரிய பாதுகாப்பும் வெவ்வேறாம்.

மழைநீரைத் திரட்டி அனுப்பும் நிலத்தை ‘நீர்வரத்துப் பரப்பு’ என்றும், தண்ணீர் தங்கும் இடத்தை ‘உள்வாய்’ அல்லது ‘நீர்ப்பரப்பு’ என்றும் தனித்தனியே வழங்குதல் நலம். உள்வாய் என்பது பழைய கல்வெட்டுக்களிலும் தென்மாவட்டங்களின் பேச்சிலும் உள்ள நல்ல சொல். உள்வாய் பெரும்பாலும் புறம்போக்காக இருக்கும். நீர்வரத்துப் பரப்போ பெரும்பாலும் பட்டா நிலமாகவும் மேய்ச்சல் நிலமாகவும் காடாகவும் இருக்கும். உள்வாயில் பயிரிடுவதும் வீடு கட்டுவதும் ஆக்கிரமிப்பு. நீர்வரத்துப் பரப்பில் பயிரிடுவது குற்றமன்று. அங்கு ஓடிவரும் நீரை மறித்து வேறுபக்கம் திருப்புவதும், வரத்துக் காலை மூடுவதுமே கேடு.

இவ்வேறுபாட்டை மறப்பதால் இருபுறமும் நஷ்டம் உண்டாகின்றது. கோடையில் உள்வாயின் மேற்பகுதி வறண்டு கிடப்பதைக் கண்டு, ‘இது நீர்ப்பிடிப்புத்தானே, தண்ணீர் நிற்கும் இடம் அன்று’ என்று சொல்லி உழத் தொடங்குவோர் உண்டு. அவ்விடம் ஐந்து ஆண்டுகளில் ஒரு முறையே முழுகினாலும், அந்த ஒரு முறைதான் ஏரி முழுக் கொள்ளளவை எட்டும் காலமாகும். மறுபுறம், ஏரியின் எல்லைக் கற்களுக்கு உட்பட்ட இடத்தை மட்டும் காப்பாற்றிவிட்டு, வரத்துக் கால்கள் சாலைக்கும் மனைப்பிரிவுக்கும் இரையாவதைக் கவனியாது விடுவதும் நிகழ்கின்றது. 

ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி ஆழம் நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர்-அடி எனப்படும். அது 43,560 கன அடி. 640 ஏக்கர், அதாவது ஒரு சதுர மைல் நீர்வரத்துப் பரப்பில் ஓர் அங்குலம் மழை பெய்தால் 53 ஏக்கர்-அடி நீர் விழுகின்றது. அதில் ஐந்தில் ஒரு பங்கே ஓடி ஏரிக்கு வருவதாய் வைத்துக்கொண்டாலும் 10 ஏக்கர்-அடிக்கு மேல் ஆகும். ஒரு வரத்துக் கால் அடைபட்டால், ஒவ்வொரு நல்ல மழைக்கும் இவ்வளவு தண்ணீர் ஏரிக்கு எட்டாமற் போகின்றது. கரையை எவ்வளவு பலப்படுத்தினும் இந்த நஷ்டம் ஈடுபடாது.

பொதுப்பணித் துறையின் பொறுப்பிலிருந்த ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007 ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஏரியின் எல்லையை அளந்து நிச்சயித்தலே அச்சட்டத்தின் முதற்படி. எல்லை எது என்பதைச் சொல்லத் தெரியாத ஊருக்கு எச்சட்டமும் முழுப்பயன் தராது.

‘புறம்போக்கு’ என்ற சொல்லும் இங்கே கவனிக்கத்தக்கது. தீர்வைக்கு உட்பட்ட நிலத்துக்குப் புறம்பானது என்பதே அதன் கருத்து. பேச்சில் அது எவருக்கும் பயன்படாத நிலம் என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. ஏரி, வாய்க்கால், களம், மேய்ச்சல் தரை ஆகிய ஊர்ப்பொது நிலங்கள் யாவும் அப்பெயரின் கீழ் வருதலின், ‘புறம்போக்குத்தானே’ என்ற இகழ்ச்சிச் சொல் ஊரின் பொதுச் சொத்தையே இகழ்வதாகும்.

மட்டம், ஆழம், கொள்ளளவு

ஏரியில் ‘பத்து அடித் தண்ணீர்’ இருப்பதாய்ச் சொன்னால், எவ்விடத்திலிருந்து பத்து அடி என்ற கேள்வி உடனே எழவேண்டும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி என்பது. அதே நிலையைக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டால் 85.40 அடி. இரண்டும் ஒரே தண்ணீரைக் குறிப்பனவே.

ஆழம் பாதியானால் தண்ணீரும் பாதி என்று கொள்வதும் தவறு. ஏரியின் உட்புறம் தட்டைப்போல் மேலே விரிந்தும் கீழே குறுகியும் இருப்பதே இதற்குக் காரணம். 1934 ஆம் ஆண்டில் முடிவுற்ற மேட்டூர் அணையில் 120 அடிக்கு 93.47 டி.எம்.சி. தண்ணீர் கொள்ளும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அவ்வணையில் 60 அடித் தண்ணீர் நிற்கும்போது கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கும் இருப்பதில்லை. சிற்றேரிகளில் இவ்விகிதம் இடத்துக்கு இடம் மாறுமாயினும் விதி ஒன்றே. ஏரி பாதி உயரத்துக்கு இறங்கியதும், ‘இன்னும் பாதி இருக்கிறது’ என்று மூன்றாம் போகத்துக்கு நாற்று விடுபவர் ஏமாறுவது இதனாலேதான்.

இனி, ஏரியில் உள்ள தண்ணீர் எல்லாம் பாசனத்துக்கு ஆகும் தண்ணீர் அன்று. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்பது தானாய் வெளியே பாயாது. கேரளத்தில் உள்ள பெரியாறு அணையில் 104 அடிக்குக் கீழ்ப்பட்ட நீர் சுரங்கத்தின் வழியே தமிழ்நாட்டுக்கு வாராமையை இதற்கு உதாரணமாய்க் கூறலாம். பெரிய அணைக்குள்ள இவ்வியல்பு சின்னஞ்சிறு கண்மாய்க்கும் உண்டு. ஆகவே மொத்தக் கொள்ளளவு வேறு, பாயும் கொள்ளளவு வேறு. கலிங்கின் மட்டத்துக்கும் மதகின் அடிமட்டத்துக்கும் நடுவே நிற்பதே ஆயக்கட்டுதாரருக்கு உரிய தண்ணீர்.

தூர் வாருதலும் ஆழந் தோண்டுதலும்

மேற்சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டால், இக்காலத்தில் மிகுதியாக வழங்குவதும் மிகுதியாகத் திரிந்ததுமான சொல் எதுவென்று விளங்கும். அது ‘தூர் வாருதல்’. ஏரியில் ஆண்டுதோறும் வந்து படிந்த வண்டலை அகற்றிப் பழைய தரையை மீட்பதே தூர் வாருதல். பழைய தரைக்குக் கீழும் மண்ணை வெட்டி எடுப்பது ஆழந் தோண்டுதல். முன்னது ஏரியை அதன் பழைய நிலைக்குக் கொணர்கின்றது. பின்னது ஏரியின் அமைப்பையே மாற்றுகின்றது.

மதகின் அடிமட்டத்துக்குக் கீழே பத்து அடி தோண்டினாலும், பாயும் கொள்ளளவு ஒரு படி அளவும் கூடாது. தோண்டிய குழியில் தண்ணீர் நிற்கும், ஆடு மாடுகள் குடிக்கும், மீன் வளரும், அருகிலுள்ள கிணறுகளில் ஊற்றும் சில இடங்களில் பெருகும். இவை நன்மைகளே, அவற்றை விரும்பும் ஊர் அதனை வெளிப்படையாகச் சொல்லிச் செய்துகொள்ளலாம். ஆனால் பாசனத்துக்கென்று செலவெழுதி இவ்வேலையைச் செய்தால், ஏரிக்குப் புதிதாய் வரும் தண்ணீர் முதலில் அக்குழியையே நிரப்பவேண்டியிருத்தலின், குறைந்த மழை பெய்யும் ஆண்டில் மடைக்குத் தண்ணீர் எட்டுவது தாமதமாகும். பாசனம் பெருக வேண்டிச் செய்த வேலை பாசனத்தைக் குறைப்பதாய் முடியும்.

வேறு கேடுகளும் உண்டு. கரையின் உட்புற அடியை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். ஏரித் தரையில் நெடுங்காலமாய்ப் படிந்த களிமண் படலம் நீரைக் கசியாது தாங்கி நிற்பது. அதனை முழுவதும் பெயர்த்து அடியில் உள்ள மணலையோ கிராவலையோ வெளிப்படுத்தினால், ஏரி ஓட்டைப் பானையைப் போலாகும். வண்டல் எடுப்பதாய்ச் சொல்லி மணலும் கிராவலும் எடுத்துச் செல்லப்படும் இடங்களில், ஊருக்கு எஞ்சுவது குழிகளே.

வண்டலோ வயலுக்கு உரம். மதுரை, இராமநாதபுரம் பகுதிகளில் கரம்பை என்று வழங்கும் இம்மண்ணைக் கோடையில் வண்டி வண்டியாய் அடித்துப் புன்செயில் பரப்புதல் பழைய வழக்கம். மணற்பாங்கான நிலத்தில் அது ஈரத்தைத் தாங்கும் சக்தியைப் பெருக்கும். உரிய அலுவலரின் அனுமதி பெற்று உழவர் இதனை எடுத்துக்கொள்ள விதிகளில் இடமுண்டு. வண்டல் மிகுதியாய்ப் படிவது பெரும்பாலும் வரத்துக் கால் ஏரியில் வந்து விழும் மேற்புறத்திலும் மதகின் முகத்திலும் ஆகும். ஆகவே தூர் வாரும் வேலை அங்கே தொடங்குதல் தகும். இயந்திரம் இறங்குவதற்கு எளிதான இடத்தில் தொடங்குவது தூர் வாருதல் ஆகாது.

இதனால் ஒரு விதியை ஊரார் ஏற்படுத்திக்கொள்ளலாம். தூர் வாரும் வேலைக்கான ஒவ்வொரு மனுவிலும் தீர்மானத்திலும் மதகின் அடிமட்டம் எது, அதற்கு மேல் எவ்வளவு மண் எடுக்கப்படும், கீழே எவ்வளவு, எந்த இடத்தில், எந்தப் பயனுக்காக என்பவற்றை எழுதுதல் வேண்டும். இக்குறிப்பு இல்லாத வேலையைத் தூர் வாருதல் என்று அழைக்க எவரும் சம்மதியாதிருத்தல் நன்று.

கலிங்கும் ‘வீணாகும்’ நீரும்

ஏரி நிறைந்தபின் மிகுந்த நீர் வெளியேறும் இடத்துக்குக் கலிங்கு என்று பெயர். வடபகுதியில் ‘கோடி போகிறது’ என்றும் நெல்லைப் பகுதியில் ‘மறுகால் பாய்கிறது’ என்றும் சொல்வது இந்நிகழ்ச்சியையே. இச்சொற்கள் இருக்க, ‘தண்ணீர் வீணாகப் போகிறது’ என்ற பேச்சு பரவியிருப்பது வருந்தத்தக்கது. ஓர் ஏரியின் மறுகால் அடுத்த ஏரியின் வரத்துக் கால் ஆகும். மேலேரியின் மிச்சமே கீழேரியின் முதல். சங்கிலிபோல் தொடர்ந்த ஏரிகளில் ஓரூரார் கலிங்கின் மேல் பலகையும் மண்மூட்டையும் வைத்து உயர்த்தினால், கீழூரார் அடுத்த போகத்தை இழக்கின்றனர்.

உயர்த்தியவருக்கும் அது நலமன்று. கலிங்கின் மட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் இடையே விடப்பட்ட உயரம் அலையையும் திடீர்ப் பெருக்கையும் தாங்குவதற்காகவே வைக்கப்பட்டது. ஓர் அடி கூடுதலாகத் தேக்க விரும்பி அவ்வுயரத்தைக் குறைத்துக்கொள்பவர், ஐப்பசி கார்த்திகையில் ஓர் இரவு மழைக்குக் கரையையே பணயம் வைக்கின்றார். கரை உடைந்தால் அவ்வாண்டுத் தண்ணீர் முழுவதும் போவதோடு, கீழேரிகளும் ஒன்றன்பின் ஒன்றாய் உடையும்.

பெருக்கும் அளவும்

‘கன அடி’ என்று மட்டும் எழுதுவதும் குறையுடையது. விநாடிக்கு இத்தனை கன அடி என்பது தண்ணீர் ஓடும் வேகக் கணக்கு; மொத்தம் இத்தனை கன அடி என்பது நிற்கும் தண்ணீரின் அளவு. முன்னது கூலி விகிதம் போன்றது. பின்னது பெற்ற கூலி போன்றது. விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஓர் இரவும் பகலும் ஓடினால் ஏறத்தாழ 2 ஏக்கர்-அடி ஆகும். இந்த ஒரு வாய்பாட்டை ஆயக்கட்டுதாரர் நினைவில் வைத்துக்கொண்டாற் போதும். பல கணக்குகள் எளிதாகும்.

உள்வாய் 60 ஏக்கரும், மதகின் அடிமட்டத்துக்கு மேல் சராசரி ஆழம் 5 அடியும் உடைய ஓர் ஏரியை எடுத்துக்கொண்டால், பாயும் கொள்ளளவு 300 ஏக்கர்-அடி. வெயிலிலும் கசிவிலும் மூன்றில் ஒரு பங்கு கழிவதாய் வைத்தால் 200 எஞ்சும். நெற்பயிருக்கு ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர், அதாவது நான்கு அடித் தண்ணீர் தேவை. அதில் பாதியை மழை தருமாயின், ஏரியிலிருந்து ஏக்கருக்கு 2 ஏக்கர்-அடி வேண்டும். எனவே அவ்வேரி ஒரு முறை நிறைந்தால் 100 ஏக்கரைக் காப்பாற்றும். மழை பொய்த்துவிட்டால் 50 ஏக்கருக்கே போதும்.

இதே ஏரியின் மதகு விநாடிக்கு 2 கன அடி விடுவதாயின், பகல் 12 மணி நேரத்தில் 2 ஏக்கர்-அடி பாயும். இரவிலும் மதகைச் சாத்தாமல், பார்ப்பாரின்றி விட்டுவிட்டால் மற்றும் ஒரு 2 ஏக்கர்-அடி ஓடிப்போகும். அதாவது கவனியாது விட்ட ஓர் இரவின் விலை, கடைமடையில் ஓர் ஏக்கர் நெல். பத்து இரவுகள் பத்து ஏக்கர். நீர்கட்டிக்குக் கொடுக்கும் ஊதியம் மிகுதி என்று எண்ணும் ஊரார் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் தகும்.

நிலத்தடி நீரும் மண்ணின் குணமும்

ஏரியைக் கைவிட்டுக் கிணற்றையே நம்பும் ஊர்கள் பல. நிலத்தடி நீரை அரசு குறுவட்டம் குறுவட்டமாய் மதிப்பிடுகின்றது. ஆண்டுதோறும் எடுக்கத்தக்க அளவில் நூற்றுக்கு 70 வரை எடுக்கும் இடம் ‘பாதுகாப்பானது’. 70-க்கு மேல் 90 வரை ‘ஓரளவு அபாயமானது’. 90-க்கு மேல் 100 வரை ‘அபாயமானது’. 100-க்கு மேல் ‘அளவுக்கு மீறி எடுக்கப்பட்டது’. ‘பாதுகாப்பானது’ என்பது தண்ணீரின் அளவைப் பற்றிய சொல்லே அன்றி, குணத்தைப் பற்றியதன்று. அவ்விடத்துக் கிணற்று நீர் உப்பாகவும் இருக்கலாம். ஆகவே புதுக்கிணறு வெட்டுவோர் நீரைப் பரிசோதியாது இச்சொல்லை மட்டும் நம்புதல் கூடாது. ஏரி நீரும் கிணற்று நீரும் வேறு வேறு சொத்து என்று கருதுவதும் பிழையே. ஆயக்கட்டுக் கிணறுகளுள் பல ஏரியின் கசிவாலும் வயலில் பாய்ந்த நீராலும் ஊறுபவை. கிணறு உடையவர் ஏரி மராமத்தில் பங்குகொள்ள மறுப்பது, அடிமரத்தை விட்டுக் கிளைக்கு நீர் வார்ப்பதாகும்.

‘உவர்’, ‘களர்’ என்னும் இரண்டும் ஒன்றாகவே சொல்லப்படுகின்றன. உவர் என்பது கரையும் உப்பு மிகுந்த நிலம். நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்தால் சீர்படும். களர் என்பது சோடியம் மண்ணில் பற்றிக்கொண்டு, காரநிலை 8.5-க்கு மேல் ஏறிய நிலம். அதற்கு ஜிப்சம் இட்டுப் பிறகே நீரைத் தேக்கி வடிக்கவேண்டும். களருக்கு வெறுந் தண்ணீரும், உவருக்கு ஜிப்சமும் செலவிட்டுப் பயன் காணாதவர்கள் மருந்தைக் குறைகூறுதல் நியாயமன்று. இரண்டிற்கும் பொதுவாக வேண்டியது வடிகால். வடிகாலைத் தூர்த்துவிட்டு மண்ணைத் திருத்த முடியாது.

புதிதாய் வந்த சொல் ‘ஈரநிலம்’. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரி பாசன ஏரியே. பறவைகளின் எச்சம் கலந்த அதன் நீர் வயலுக்கு உரமாவதை அவ்வூரார் அறிந்து, நெடுங்காலம் பறவைகளைக் காத்து வந்தனர். 2022 ஆம் ஆண்டில் அது ராம்சார் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாய் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2017 ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்கென்றே அமைக்கப்பட்ட நீர்நிலைகளைப் பொதுவாக அவ்வரையறையிலிருந்து விலக்கியுள்ளன. ஆதலால் ‘எங்கள் ஏரி ஈரநிலம், சட்டமே காக்கும்’ என்று ஒவ்வோர் ஊரும் வாளாவிருத்தல் இயலாது. அதனைக் காப்பது கிராமக் கணக்கும் ஊராரின் விழிப்புமே.

குடிமராமத்து

‘குடிமராமத்து’ என்பது குடிகள் தாமே கூடிச் செய்யும் மராமத்து. அவ்வழக்கம் தளர்ந்தமையால் 1858 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் பிறந்தது. கட்டாயத்தால் அவ்வழக்கம் மீளவில்லை. தமிழ்நாட்டு விவசாயிகள் பாசன அமைப்புக்களைத் தாமே மேலாண்மை செய்யும் சட்டம் 2000 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு வழி செய்தது. 2017 ஆம் ஆண்டில் அரசு, குடிமராமத்து என்னும் பழைய பெயராலேயே ஏரிகளைச் சீரமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது.

அரசின் பணம் ஏரிக்கு வருதல் வரவேற்கத்தக்கதே. மதகு கட்டுதலும் கலிங்கைப் புதுப்பித்தலும் ஊராரின் சக்திக்கு மேற்பட்டவை. எனினும் எந்த வேலை முதலில் வேண்டும் என்பதை ஆயக்கட்டுதாரர் கூடித் தீர்மானியாமலும், நடக்கும் வேலையை நின்று பாராமலும், முடிந்தபின் வரத்துக் காலில் முளைத்த வேலிக்கருவையை ஒரு நாளேனும் வெட்டாமலும் நடைபெறுவது எதுவாயினும், அதற்குக் குடிமராமத்து என்ற பெயர் பொருந்தாது. பெயர் வேறு வேலை வேறு ஆகும்போது, குடிகள் தம் பொறுப்பு முடிந்தது என்றே எண்ணிவிடுகின்றனர். திட்டத்தின் பணம் ஓராண்டில் தீரும், பொறுப்பு தீராது.

ஓர் ஆட்சேபமும் விடையும்

‘சொல்லைத் திருத்துவதால் சோறு விளையுமோ? குடியானவருக்கு அனுபவமே போதும்’ என்று சிலர் சொல்லக்கூடும். மேலும், ஏரி, கண்மாய், குளம், தாங்கல், ஏந்தல் என்று ஊருக்கு ஊர் வேறுபடும் வழக்கை ஒரே அச்சில் வார்க்கலாகாது என்பாரும் உளர். இரண்டாவது கூற்று முற்றும் நியாயமானது. அவ்வூர்ச் சொல் அவ்வூரில் நிலைக்கட்டும். கோடி என்பார் கோடி என்றே சொல்லட்டும். வேண்டுவது, ஒரே ஊரின் எழுத்தில் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்பது மட்டுமே. முதற்கூற்றுக்கு விடை மேலே காட்டிய கணக்குகளில் உள்ளது. வயலில் நிற்பவருக்கு அனுபவம் போதும்; ஆனால் வேலைக்குப் பணம் ஒதுக்கப்படுவது வயலில் அன்று, காகிதத்தில். காகிதத்தை அடையும்போது அனுபவம் சொல்லாகவே சென்று சேருகின்றது.

செய்யத்தக்கது

ஆகவே ஒவ்வோர் ஊரிலும் ஏரிக்கென்று ஒரு குறிப்பேடு ஏற்படுதல் நன்று. அதில் உள்வாயின் பரப்பும் எல்லைக் கற்களும். வரத்துக் கால்களின் பெயரும் அவை வரும் வழியும். கலிங்கின் மட்டமும் மதகுகளின் அடிமட்டமும். மறுகால் சென்று சேரும் ஏரி. ஆயக்கட்டும் மடைவாரியான முறையும் ஆகிய ஐந்தும் இருந்தாற் போதும். கிராம நிர்வாக அலுவலர் புல வரைபடத்தைக் கொண்டும், நீர்வளத் துறையினரோ ஒன்றியப் பொறியாளரோ மட்டங்களை அளந்தும், முதிய ஆயக்கட்டுதாரரும் நீர்கட்டியும் பெயர்களையும் வழிகளையும் சொல்லியும் இதனை ஒரு கோடையிலேயே முடித்துவிடலாம். கலிங்கின் மட்டத்தையும் மதகின் அடிமட்டத்தையும் மதகின் சுவரிலேயே வண்ணத்தால் எழுதி வைத்தால், எழுத்தறிந்த சிறுவனும் ஏரியின் நிலையைச் சொல்லக்கூடும்.

உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச்சு 22 அன்று கூடும் கிராம சபையில் இக்குறிப்பேட்டை உரக்கப் படித்து, அவ்வாண்டு மாறியவற்றைத் திருத்திக்கொள்ளுதல் உசிதம். அந்நாள் கோடையின் தொடக்கமாதலால், தூர் வாரவும் வரத்துக் காலைச் செப்பனிடவும் அதன்பின் போதிய காலம் இருக்கும். ஏரி நிறைந்தபின் கூடிப் பேசுவதினும், வறண்டு கிடக்கும்போது அளந்து எழுதுவதே பயன் தரும்.